கோட்டுக்குக் கீழே

மதிப்பெண்ணைத் திருத்தக் கொடுத்திருந்த பத்து நாள் கெடு முடிந்து ஒரு நாளும் மூன்று மணி நேரமும் ஆகியிருந்தன. இனி யார் நினைத்தாலும் மாற்ற முடியாது. கணிதத் துறை அறையில், தேர்வில் தவறிய மாணவியின் அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். தையல்காரர். மகள் படிப்பை நிறுத்துகிறாள். அதற்கான படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள், விடைத்தாளைத் திருத்திய இளம் ஆசிரியை.

"அவளே வந்திருக்கணும் டீச்சர். வெளியில தலைகாட்டவே மாட்டேங்கிறா."

ஆசிரியை பேனா மூடியைக் கழற்றினாள். மறுபடி மூடினாள்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம். நிரூபணத்தை வாக்கியங்களாக எழுத வேண்டும். முதல் பொய்யான வாக்கியம் வந்ததும் திருத்துபவர் குறுக்கே கோடு போட்டு நிறுத்திவிடுவார். கீழே இருப்பதைப் படிப்பதில்லை. தொண்ணூற்று நான்கு விடைத்தாள்களில் கண் பூத்துப்போய், ஆசிரியை அன்று இந்த மாணவியின் தாளில் ஒரு பக்கத்தைப் புரட்டினாள். முதல் வரி: 'பகா எண்களில் மிகப் பெரியது ஒன்று உண்டு.' பச்சைப் பொய்; பகா எண்களுக்கு முடிவே இல்லை. கோடு போட்டாள். பன்னிரண்டு மதிப்பெண்ணுக்குப் பூஜ்யம். மாணவி நான்கு மதிப்பெண் குறைந்து தவறிப்போனாள்.

'இப்படி வைத்துக்கொள்வோம்' என்ற வரி முந்தைய பக்கத்தின் அடியில் இருந்தது; அவள் அதைக் கவனிக்கவில்லை. பொய்யை மெய்யென்று வைத்துக்கொண்டு, அது தானே கவிழ்வதைக் காட்டும் நிரூபணம். கோட்டுக்குக் கீழே ஒரு பிசகு கிடையாது.

"புத்தகத்தையெல்லாம் மூட்டை கட்டிட்டா," என்றார் அம்மா. "என்கூட உக்காந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறா. கோணல் மாணலா போகுது. சட்டைக்குப் பொத்தானே வேணாம்னு ஊரே சொல்லிடும் போல." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "கணக்குன்னா அவளுக்கு உசுரு. இப்ப கேட்டா, நான் மக்கும்மா, எனக்கு வராதுங்கிறா. நெசமாவே வராதா டீச்சர்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா மனசைத் தேத்திக்குவேன்."

ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். பிறகு அந்த விடைத்தாளை யாரும் தேடப்போவதில்லை. ஆசிரியையின் வேலையோ தற்காலிகம். நீட்டிப்பார்களா என்பது அடுத்த வாரம்தான் தெரியும்.

"வரும்மா. அவ எழுதினது சரி. நான்தான் தப்பா கோடு போட்டுட்டேன்."

அம்மா கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

படிவம் இருவருக்கும் நடுவே கிடந்தது.

"அந்தப் பத்து நாள் கெடுவுல நாலாம் நாளே தெரியும்மா. வேலை போயிடும்னு வாயை மூடிக்கிட்டேன்."