அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த இருநூற்றுப் பதினான்கு வாழ்த்துகள்

1

இந்தக் கதை என் சோம்பேறித்தனத்துக்குப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சி பற்றி ஒரு வேளாண் இதழுக்குக் கட்டுரை எழுதவேண்டியிருந்தது. பூச்சியைத் தேடி இணையத்துக்குள் போனவன், தலையில் ஆரஞ்சுப் பழத்தோடு தூங்கும் ஜப்பானியப் பூனை, பியானோவுக்கு ஒத்து ஊதும் கழுதை, தன் வாழ்நாள் தும்மல்களுக்கெல்லாம் தேதி குறித்து வைத்திருக்கும் ஒரு கனடாக்காரர் என்று பார்த்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு வெள்ளைக்காரம்மாவின் பயணப் பக்கத்தில் கரை ஒதுங்கினேன்.

திருக்கடையூரில் அவர் எடுத்த படம். மாலையும் கழுத்துமாக, கலச நீரில் தொப்பலாக நனைந்த ஒரு வயதான ஜோடி. கீழே எழுதியிருந்ததன் சாரம்: “இளமையில் காதலித்தவர்கள். வறுமை பிரித்தது. அவர் கடல் கடந்து போனார், அவள் காத்திருந்தாள். இன்று, அறுபது வயதில், ஒருவழியாகத் திருமணம் செய்துகொண்டார்கள். புகையிலும் அவள் கண்ணீரைப் பாருங்கள்.”

அந்தக் கோயிலில் அறுபது வயதில் தாலி கட்டுவது, கட்டின பெண்டாட்டிக்கே இன்னொரு தரம் என்பது நம் ஊரில் யாருக்குத் தெரியாது? அந்தம்மாவுக்குத் தெரியவில்லை.* இருநூற்றுப் பதினான்கு பேர் அழுது, வாழ்த்தி எழுதியிருந்தார்கள். கட்டுரை நின்றது. புகையான் பிழைத்தது.

(* தவறு அவருடையது மட்டுமில்லை. மாப்பிள்ளையின் மைத்துனர் ஐயாவு, தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் அந்தம்மாவுக்கு வழங்கியிருக்கிறார்: “மேரேஜ். சிக்ஸ்டி. மஸ்கட். டுவெண்டி டூ இயர்ஸ்.” இந்த ஐயாவு என் கற்பனை. ஆனால் எல்லாக் கல்யாணத்திலும் இருப்பார்.)

2

முதல் தொடக்கம்: “காவிரி இருகரை தொட்டு வந்த அந்த ஆண்டில்

(அடித்துவிட்டேன். வயலுக்கு வராத ஆண்டுகளிலும் காவிரி கதைகளுக்குள் மட்டும் முறை வைக்காமல் வந்துவிடுகிறது.)

இரண்டாவது: “நாற்று முடியோடு வரப்பில் நின்ற ஞானாம்பாள், வானத்தை

(படத்தில் இருப்பவள் பட்டுப்புடவையில் இருக்கிறாள். அவளை எதற்கு வரப்பில் ஏற்றவேண்டும்?)

மூன்றாவது, வேறு வழியில்லாமல்: 2008-இல் ஒரு புதன்கிழமை காலை, குத்தாலம் கடைத்தெருவில் உபைதுல்லா பாயின் பிரவுசிங் சென்டருக்கு ஞானாம்பாள் தனியாக வந்தாள். அமெரிக்காவில் இருக்கும் மகன் அரவிந்தன் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு முதல் நாள் போனில் குதித்திருந்தான்.

“உலகமே பாக்குதும்மா. அறுபது வயசுலதான் உங்களுக்குக் கல்யாணம்னா, அப்ப நான் யாரு?”

நியாயமான கேள்வி. ஞானாம்பாளுக்குச் சிரிப்புதான் வந்தது.

3

உபைதுல்லா பாய் பதினாறு வருஷம் சவூதியில் இருந்துவிட்டு வந்து, நான்கு கம்ப்யூட்டர் போட்டுக் கடை திறந்தவர். படத்துக்குக் கீழே இருந்ததைக் கூச்சத்தோடு படித்துச் சொன்னார். மூன்று முறை படிக்கச் சொன்னாள். பிறகு வாழ்த்துகளுக்கு வந்தார்கள்.

“இது பிரேசில்லேர்ந்து அக்கா. ஒரு பொம்பள. ‘இப்படிப்பட்ட ஆண்கள் எங்கள் நாட்டில் இல்லை’ன்னு எழுதிருக்கு.”

“எங்க நாட்டுலயும் இல்லன்னு போடுங்க பாய்.”

பாய் போடவில்லை. பெரிய மனிதர்.

உண்மை என்னவென்றால், கல்யாணமாகிப் பதினோராம் வருஷம் அவள் கணவர் சிங்காரவேலு மஸ்கட் போனார். இருபத்திரண்டு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. கூட்டிப் பார்த்தால் இருபத்திரண்டு மாதம் ஊரில் இருந்திருக்கிறார். கடிதங்களில் ‘நலம், நலமறிய ஆவல்’ முடிந்ததும் தென்னைக்கு உரம் வைத்தாயா என்று கேட்பார். அந்தக் கடிதங்களைத் தென்னைக்கே அனுப்பியிருக்கலாம். கண்ணீர் என்று அந்தம்மா எழுதியது ஹோமப் புகை.

இதெல்லாம் ஞானாம்பாளுக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பக்கத்தில் இருந்த ஞானாம்பாள் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அந்த ஒருத்திக்காவது ஒரு மனுஷன் ஏங்கியிருக்கிறான். அவளையும் அழித்துவிட வேண்டாமே என்றிருந்தது.

மகன் அதற்குள் மறுப்புக் கடிதம் அனுப்பிவிட்டான். அந்தம்மாவின் பதிலும் அதே பக்கத்தில் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டிருந்தார். படத்தில் இருக்கும் கணவர் ஒரு வார்த்தை சொன்னால் வெள்ளிக்கிழமையே அதை எடுத்துவிடுவதாகவும், எடுக்க வேண்டாம் என்றால் படத்துக்குக் கீழே போட அவரே தன் வாயால் ஒரு வரி தரவேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

சிங்காரவேலுவிடம் ஒரு வரி! கல்லில் நார் உரிக்கும் வேலை.

4

இந்த இடத்தில் எனக்கு சிங்காரவேலு மேல் சந்தேகம் வந்துவிட்டது. வாயில் கொழுக்கட்டை வைத்த ஆளாக அவரை எழுதிவிட்டேன். அது எழுதுகிறவனுக்கு வசதி. பேசாதவனுக்கு வசனம் யோசிக்க வேண்டாம். ஆகவே மூன்று முடிவுகளை முயன்றேன்.

(அ) அவர் பக்கத்தைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கி

(சீ.)

(ஆ) “அழிச்சிடுங்க பாய்” என்று சொல்லிவிட்டு உரக்கடைக்குப் போகிறார். நம்பும்படி இருக்கிறது. எழுதி முடித்துத் தலைப்புகூட வைத்துவிட்டேன். ஆனால் ஞானாம்பாள் பாய் கடைப் பிளாஸ்டிக் நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். அவளைத் தனியாக விட்டுவிட்டுக் கதையை மூட எனக்கு மனசு வரவில்லை.

(இ) இனி வருவது.

5

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவளே அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். என்ன, எதற்கு என்று சொல்லவில்லை. பாய் ஒரு வரி விடாமல் தமிழில் படித்தார். வறுமை பிரித்தது, கடல் கடந்து போனது, காத்திருந்தது, எல்லாம். சிங்காரவேலு கண்ணாடியை மாட்டி, புரியாத ஆங்கிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அரவிந்தன் தம்பி இத எடுக்கச் சொல்லுதுங்க அண்ணே. எல்லாம் தப்பா இருக்காம்.”

“எது தப்பு?”

பாய் விழித்தார். ஞானாம்பாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரியாத்தானே எழுதிருக்கு?” என்றார் சிங்காரவேலு. “இதுல எது தப்புங்கிறான் அவன்?”

இவ்வளவு தூரம் கிண்டலடித்துக்கொண்டு வந்தவன் நான். இங்கே எனக்குக் கை ஓடவில்லை. ஞானாம்பாள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். அந்தக் கடையில் ஹோமம் எதுவும் நடக்கவில்லை.

“அப்ப பக்கம் இருக்கட்டும். ஒரு வரி சொல்லுங்க அண்ணே, அடிச்சிடுறேன்” என்று பாய் திரையில் எழுதும் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டார். சிங்காரவேலு தொண்டையைச் செருமினார். முழங்காலைத் தடவினார். மனைவியை ஒருமுறை பார்த்தார்.

அந்த வரியை நான் எழுதப்போவதில்லை. ஒன்பது முறை எழுதிப் பார்த்தாயிற்று. ஒன்பதும் நான் சொன்னதாக இருக்கின்றன, அவர் சொன்னதாக இல்லை. பெட்டி காலியாகத்தான் இருக்கிறது. மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அடித்து அனுப்புங்கள். அனுப்பும் முன் உங்கள் வீட்டில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.