இம்மாதம் குளித்தவர்கள்

காலை பத்து மணிக்குப் பக்கத்தை அனுப்பியாக வேண்டும். ஒன்பதே முக்கால் ஆகியும் “இம்மாதம் குளித்தவர்கள்” என்ற தலைப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் கிடந்தது. பகவதியம்மாள் கரமனை வீட்டின் சாப்பாட்டு மேஜையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த வெற்றிடத்தையும் பக்கத்திலிருந்த கைபேசியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளித்தவர்கள் என்றால் பெரிய விஷயம் எதுவுமில்லை. வேளிக் காயலில் துடுப்புப் போட்டு வள்ளம் துழைகிறவர்களுக்கு ஒரு கழகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடுவார்கள். வள்ளம் மறிந்து, அதாவது கவிழ்ந்து, தண்ணீரில் விழுந்தவரை “விழுந்தார்” என்று எழுதினால் கோபம் வரும். “குளித்தார்” என்று எழுதினால் அவரும் சேர்ந்து சிரித்துக்கொள்வார். குளித்தவர் அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் வாழைப்பழத்தில் பொரித்த பழம்பொரி கொண்டுவர வேண்டும் என்பது அங்கே சட்டம். கழகத்தின் மாதச் செய்தித்தாளுக்குக் “கடவு” என்று பெயர், படகுத்துறை என்று அர்த்தம். நான்கு பக்கம். மூன்று மலையாளம், கடைசிப் பக்கம் தமிழ். சாலைக் கடைக்காரர்கள், வலியசாலைக்காரர்கள், கரமனைக்காரர்கள் என்று தமிழ் பேசும் இருபத்தாறு குடும்பங்கள் உண்டு. அவர்களுக்காகப் பகவதியம்மாளின் கணவர் பூதலிங்கம் தொடங்கிய பக்கம் அது. ஆறு வருஷத்துக்கு முன் அவர் போனபிறகு, ஒரு மாதமும் விடாமல் அவள் எழுதுகிறாள். இத்தனைக்கும் அவள் ஒருநாளும் வள்ளத்தில் கால் வைத்ததில்லை. கடவில் கட்டிய வள்ளம் ஆடுவதைப் பார்த்தாலே அவள் இரண்டடி பின்னால் நகர்ந்துகொள்வாள்.

எழுதுவது எதற்கு என்று கேட்டால், மாதத்தில் நாலு நாள் போன் அடிக்கும், அதற்குத்தான். இருபத்தைந்தாம் தேதி தொடங்கி இருபத்தெட்டு வரை. காயலை மூடும் குளவாழையை வாருவதற்கு ஞாயிறு காலை ஏழு மணிக்கு வரவும், கையுறை கொண்டுவரவும் என்று ஒருவர் சொல்லுவார். போட்டுவிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டால் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். அதனால் பகவதியம்மாள் கையுறை ரப்பரா துணியா என்று கேட்பாள். என்ன நிறம் என்றுகூட ஒருமுறை கேட்டிருக்கிறாள். பூனாவில் இருக்கும் மகள் ஸ்ரீப்ரியா ஞாயிறு சாயங்காலம் கூப்பிடுவாள்; சாப்பிட்டியா, மருந்து எடுத்தியா, வேலைக்காரி வந்தாளா என்று மூன்று கேள்வி. மற்ற நாட்களில் வீட்டில் பேச்சுக்குரல் என்று கேட்பது குக்கரின் விசிலும், தொலைக்காட்சியும், பாத்திரம் கை தவறினால் இவள் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் சத்தமும்தான்.

அந்த நாலு நாளுக்கும் இப்போது ஆபத்து வந்திருந்தது. போன மாதம் செயலாளர் பத்மகுமார் சொன்னான்: “அக்கா, தப்பா எடுக்காதீங்க. தமிழ்ப் பக்கம் ஆரு வாசிக்கா? நம்ம பிள்ளைகளுக்கே எழுத்து தெரியாதுல்லா. நிப்பாட்டிருவோம்னு கமிட்டியில சொல்லுகாவ.” அவள் வாசிக்கிறார்கள் என்று சொன்னாள். ஆரு, ஒரு பேரு சொல்லுங்க என்றான். அவள் பேச்சை மாற்றி, குளவாழை வாருகிற தேதியைக் கேட்டாள்.

ஒன்பது ஐம்பதுக்குப் போன் மினுங்கியது. பத்மகுமார்தான். எல்லோரையும்போல அவனும் மலையாளத்தை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பவன், அதிலும் சிக்கனம். ஸ்ரீகண்டன் சார், நேற்று சாயங்காலம், வேளிப் பொழி, அதற்குப்பின் ஒரே ஒரு வினைச்சொல். எம், ஏ, ஆர், ஐ, சி, எச், யு.

காயலும் கடலும் முட்டுகிற பொழியில் வள்ளம் மறிவது மாதாமாதம் நடப்பதுதான். மறிஞ்ஞு என்று வரவேண்டியது மறிச்சு என்று வந்திருக்கிறது, பையன் அவசரத்தில் தப்பாக அடித்திருக்கிறான் என்று அவள் மனத்துக்குள்ளேயே திருத்திக்கொண்டாள். ஆறு வருஷமாக ஊராருடைய பிழையைத் திருத்துகிற கை இல்லையா, தானாகவே திருத்திவிட்டது. ஆனால் பாருங்கள், மலையாளத்தில் எழுதினால் மரிப்பதற்கு ஒரு ர, மறிவதற்கு வேறு ற. தமிழிலும் அப்படியே. இங்கிலீஷுக்கு ஒரே ஆர். சாய்வதற்கும் சாவதற்கும் அந்த ஒரு ஆர்தான்.

அவளுக்கு உற்சாகமே வந்துவிட்டது. ஸ்ரீகண்டனை அவள் நேரில் பார்த்ததில்லை. வலியசாலைக்காரர், தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், தனியாகவே துழைகிறவர், ஒருமுறைகூட இந்தப் பத்தியில் சிக்காதவர். விறுவிறுவென்று அடித்தாள்: “இருபது வருஷம் நனையாமல் இருந்த நம் ஸ்ரீகண்டன் அவர்களைக் காயல் கடைசியில் விடவில்லை. நேற்று மாலை வேளிப் பொழியில் ஆனந்தமாகக் குளித்தார். இருபது வருஷ பாக்கியாகையால் பழம்பொரி ஆளுக்கு இரண்டு. எண்ணெய்ச் சட்டியை இப்போதே அடுப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.” ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். நன்றாக வந்திருந்தது. பத்து மணிக்குத் தமிழ்க் குழுவில் பக்கம் போய்விட்டது.

பத்தே கால் வரை எதுவும் இல்லை. பிறகு போன் அடித்தது.

“அக்கா, எந்து பணியாக்கும் காட்டினிய?”

“ஏன் மக்கா, தேதி தப்பா?”

அந்தப் பக்கம் பத்மகுமார் மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. “ஸ்ரீகண்டன் சார் இறந்துட்டாரு அக்கா. நேத்து. காலத்தே நான் மெசேஜ் போட்டேன்லா?”

“நீ மறிஞ்சுதுன்னுல்லா...”

“மரிச்சுன்னுதானே போட்டேன்! வள்ளம் ஒண்ணும் மறியல்ல. குளவாழைக்குள்ள நேராத்தான் கெடந்து. அவரு அதுல இருந்த இருப்பிலயே... துடுப்பு மடியில இருந்து. ஹார்ட்டாம்.” அவன் குரல் கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறியது. “மொதல்ல அத டிலீட் பண்ணுங்க. அமுக்கிப் பிடிச்சா ரெண்டு மூணு வரி வரும். எல்லார்க்கும்னு இருக்கத அமுக்குங்க. வேகம்.”

அமுக்கினாள். பக்கம் மறைந்தது. மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றி அப்படியே இருந்தாள். ஐந்து நிமிஷத்தில் மறுபடி அவனே கூப்பிட்டான்.

“அக்கா, எனக்கு மட்டும்னு இருக்கத அமுக்கிட்டிய. உங்க போன்ல மட்டும்தான் போச்சு. எங்களுக்கெல்லாம் அது சுகமா அங்கனயே இருக்கு. இனி நீங்க நெனச்சாலும் அழிக்க ஒக்காது.” பிறகு, தணிந்து, “அந்த வீட்டுக்கு இப்பம் நீங்க போண்டாம், கேட்டியளா? நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன், உச்சைக்கு பாடிய வீட்டுக்குக் கொண்டு வருவோம். கமிட்டியில என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியல்ல. இந்த மாசத்தோட தீந்துதுன்னு வச்சுக்கிடுங்க.”

போன் வைத்தபிறகு அவள் முதலில் நினைத்தது பக்கத்தைப் பற்றித்தான், செத்துப்போன மனிதரைப் பற்றி இல்லை. அது அவளுக்கே தெரிந்தது. தெரிந்ததும் எழுந்து முகத்தைக் கழுவினாள், வெள்ளையில் நீலக்கரை போட்ட சேலையை உடுத்தினாள், வீட்டைப் பூட்டினாள்.

ஆட்டோவில் ஏறவில்லை. ஏறினால் சீக்கிரம் போய்விடும். நடந்தாள். சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். “நான் வேணும்னு எழுதல்ல.” அது தெரிந்ததுதானே. “எனக்கு ஒரு எழுத்து மாறிப் போச்சு.” ஒரு எழுத்துக்காகவா ஒருத்தர் சாவு வீட்டுக்கு வருவார்? கிள்ளிப்பாலத்தில் சிக்னல் மாறி மாறி விழுந்துகொண்டிருக்க, கடக்காமல் இரண்டு தடவை நின்றாள். பூதலிங்கம் இருந்தால் அவரை அனுப்பியிருக்கலாம். அவர் இருந்தால் இதை எழுதியிருக்கவே வேண்டாம். எதை நினைத்தாலும் அங்கேயே வந்து முட்டியது.

வலியசாலைத் தெருவில் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றி உள்ளே போனாள். கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தரையில் இருந்தார்கள். ஸ்ரீகண்டனின் மனைவி மீரா சுவரோரம் நாற்காலியில் இருந்தாள். அறுபது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, மடியில் ஒரு போன். வா என்று யாரும் சொல்லவில்லை. இந்த மாதிரி வீட்டில் சொல்வதில்லை. பகவதியம்மாள் பக்கத்தில் போய் நின்று பேரைச் சொன்னாள்.

“கடவு எழுதற மாமியா?” மீரா நிமிர்ந்தாள். “இங்க உக்காருங்கோ. நன்னாச்சு வந்தேள்.”

ஆமாம் என்று தலையாட்டிப் பகவதியம்மாள் தரையில் உட்கார்ந்தாள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் மீரா போனை நீட்டினாள்.

“இது அவரோட போனாக்கும். காலத்தே வந்தது. இதைக் கொஞ்சம் வாசிச்சுத் தாங்கோ. நேக்குத் தமிழ் எழுத்து வராது, மலையாளம்தானே படிச்சேன். மாசாமாசம் அவர்தான் உரக்க வாசிப்பார். குளிச்சவா யாருன்னு அதை மொதல்ல வாசிச்சுட்டு ஒரு சிரிப்பு. அப்பறம்தான் காப்பி.” மூச்சு விட்டுக்கொண்டாள். “வந்ததுலேர்ந்து நாலு பேர்ட்ட கேட்டாச்சு. ஒருத்தி கண்ணாடி கொண்டு வரல்லேங்கறா. ஒருத்தன் சார்ஜில்லேங்கறான். எண்பது பர்சண்ட் இருக்கு.”

இரண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டதிலிருந்து, அவர்கள் வாசித்துவிட்டார்கள் என்று பகவதியம்மாளுக்குத் தெரிந்தது.

பத்மகுமார் கேட்டானே ஒரு பேர், அது கிடைத்துவிட்டது. ஒருவர் வாசித்திருக்கிறார், ஒருத்தி கேட்டிருக்கிறாள். இந்தக் கூடத்தில், காப்பிக்கு முன்னால், தான் கரமனையில் தனியாக உட்கார்ந்து அடித்த வார்த்தைகள் ஒரு மனிதக் குரலில் ஒலித்திருக்கின்றன. ஆறு வருஷம். அது சந்தோஷமா என்ன என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

போனை வாங்கினாள். மேலிருந்து வாசித்தாள். குளவாழை வாருதல், ஞாயிறு காலை ஏழு மணி, ரப்பர் கையுறை. பன்னிரண்டாம் தேதி கடினங்குளம் பயணம், நீச்சல் தெரியாதவர்களுக்கு மிதவைச் சட்டை கட்டாயம். மாளவிகாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து. மீரா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு அந்தத் தலைப்பு வந்தது.

வேறு மாதிரி வாசித்துவிடலாம். அது அவளுக்குக் கஷ்டமே இல்லை. ஆழ்ந்த துயரத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று முதல் வாக்கியம் தானாகவே நாக்கில் வந்து நின்றது. காயலின் தோழர், அமைதியே உருவானவர். இந்தக் கூடத்தில் யாரும் காட்டிக்கொடுக்கப் போவதில்லை.

மீரா குனிந்து திரையில் விரலை வைத்தாள். “இங்க அவர் பேர் இருக்கு, இல்லியா? ஸ்ரீ மட்டும் நேக்குத் தெரியும். எங்க கல்யாணப் பத்திரிகையிலே பாத்துண்டே இருப்பேன்.”

நகம் மஞ்சள் பாரித்த விரல். அது எழுத்தின்மேலேயே இருந்தது.

“அம்மா, நான் தப்பா எழுதிட்டேன்,” என்றாள் பகவதியம்மாள். “அவரு போனது எனக்குத் தெரியாது. வள்ளம் மறிஞ்சுதுன்னு நெனச்சு, கேலியா எழுதிட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன். இத வாசிக்கச் சொல்லாதீங்க.”

“கேலியாவா?”

“ஆமா.”

மீரா விரலை எடுத்தாள். “வாசியுங்கோ,” என்றாள்.

பகவதியம்மாள் வாசித்தாள். ஒரு வார்த்தையும் விடவில்லை. இருபது வருஷம் நனையாமல். காயல் விடவில்லை. ஆனந்தமாக. பழம்பொரி ஆளுக்கு இரண்டு என்ற இடத்தில் பின்னாலிருந்து யாரோ “சிவ சிவா” என்றார்கள். எண்ணெய்ச் சட்டி என்பதை முடித்துவிட்டுப் போனைத் தரையில் வைத்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“இருபது வருஷம் நனையல்லேன்னா எழுதியிருக்கேள்?”

“ஆமா.”

“யார் சொன்னா அப்படி?”

“ஆரும் சொல்லல்ல. எங்க பத்தியில அவரு பேரு வந்ததே இல்ல. அதனால...”

“கள்ளம்,” என்றாள் மீரா. உதட்டின் ஒரு ஓரம் இழுத்துக்கொண்டது. அழப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். “சுத்தக் கள்ளம். எத்தனை வேஷ்டி புழிஞ்சிருக்கேன் தெரியுமா மாமி? மழையிலே நனைஞ்சேம்பார். கும்ப மாசத்திலே ஏது மழை? பாக்கெட்டிலே காயல் பாசி, மூக்குக்கண்ணாடி ரெண்டு தடவை போயாச்சு. ஒருத்தர்ட்டயும் மூச்சு விட்றாதே, கடவிலே போட்டுடுவாம்பார். அதுக்குத்தான் யாரும் இல்லாத நேரமாப் பாத்துப் போவார் மனுஷன்.” குரல் அங்கே உடைந்தது. தானே அதைச் சரிசெய்துகொண்டாள். “நேத்தும் அதுக்குத்தான் தனியாப் போனார்.”

யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவள் வாங்கவில்லை.

“அடுத்த மாசம் சரியாப் போடுங்கோ. எழுதிக்கோங்கோ, மறந்துடுவேள்.”

அடுத்த மாதம் என்று ஒன்று இருக்கிறதா என்பது பகவதியம்மாளுக்குத் தெரியாது. அதை இவளிடம் எப்படிச் சொல்வது? பையைத் திறந்தாள். பேனா இருந்தது. காகிதமென்று மருந்துச் சீட்டுத்தான் இருந்தது. அதைத் திருப்பி முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள்.

“கர்க்கடக மாசத்திலே ரெண்டு குளி. ஓணம் கழிஞ்ச மறுநாள் ஒண்ணு, அது ஆக்குளத்திலே. துலாத்திலே... இருங்கோ, எங்க பையன் கைலாஷ் தோஹாவுக்குப் போன வாரம். அது ஒண்ணு.”

தெருவில் வண்டி பின்னோக்கி வரும் பீப் சத்தம் கேட்டது. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருத்தி மீராவின் தோளைத் தொட்டாள். வாசல் வழியாகப் பார்த்தால், ஒடுங்கிய தெருவில் வெள்ளை வண்டி அங்குலம் அங்குலமாக வந்துகொண்டிருந்தது. பத்மகுமார் அதற்குப் பின்னால், முதுகு வீட்டுப் பக்கமாக, இரண்டு கையையும் விரித்து, இடது கொஞ்சம், நேரே, பைய, பைய என்று கடவில் வள்ளத்தைக் கரை சேர்ப்பதுபோல அழைத்து வந்துகொண்டிருந்தான்.

“எழுந்துடாதேங்கோ மாமி,” என்றாள் மீரா. “இன்னும் இருக்கு. தனுவிலே ஒண்ணு. அன்னிக்கு ஒரு செருப்போடதான் வந்தார்.”

பகவதியம்மாள் எழுதினாள். தனு, ஒன்று. அடைப்புக்குறிக்குள், ஒற்றைச் செருப்பு.