கண்டுபிடித்தவர் என்ற வரி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு காரணம் சொன்னால் நம்பாதீர்கள்.

(முதல் தொடக்கம்: “கண்டியை மழை மூடியிருந்த காலையில் மோகனராஜ் அந்தப் பிழையைக் கண்டு—” மழை பொய். மோகனராஜ் நான்தான். பிழையைக் கண்டுபிடித்தது நானில்லை.)

2

எங்கள் அலுவலகம் கண்டியில், கொழும்பு வீதியில், ஒரு புடவைக்கடைக்கு மேலே. கணினிக்குள் இன்னொரு கணினியைப் பாவனையாக ஓட்டுகிறோம். அது கண்விழித்ததும் முதலில் ஓடும் சின்ன நிரல்தான் ஃபேர்ம்வேர். எங்களுடையது பத்துக்கு மூன்று தடவை பாதியில் உறைந்துபோனது. திறந்த மூலக் கருவிகளோடு பதினொரு நாள் தேடினேன். கருவிகள் இலவசம், விளக்கக் குறிப்பு எழுதியவர்கள் பாதியில் சாப்பிடப் போயிருந்தார்கள். சந்தேகப்பட்ட வரியில் நிறுத்தப்புள்ளி வைத்துக் காத்திருந்தேன். நிரல் ஒருநாளும் அங்கே நிற்கவில்லை.

3

றிப்தா அக்குறணையிலிருந்து வருபவள். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். (திமிர் பிடித்தவளாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை, வெட்டிவிட்டேன்.) தேநீரோடு என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“மோகன் அண்ணா, இது ஓடத் தொடங்கினா மெமரியில வேற எடத்துக்கு மாறிருமே. நீங்க பழைய எடத்துலதானே காத்துக்கொண்டிரிக்கிறீங்க?”

“அதெல்லாம் எனக்குத் தெரியும்.”

தெரியாது.

“குட்ஷெட்ல இருந்து பஸ் ஸ்டாண்ட மாத்தின பொறகும் அங்கயே நிண்டா பஸ் வருமா?” என்று சிரித்தபடி கருவிக்குப் புது முகவரியைக் கொடுத்தாள். தேநீர் ஆறுவதற்குள் நிரல் பிழையான வரியில் வந்து நின்றது. எனக்கு வயிறு எரிந்தது.

4

திருத்தத்தை உலகத்துக்கு அனுப்பும்போது அடியில் ‘கண்டுபிடித்தவர்’ என்று ஒரு வரி எழுதுவது எங்கள் வழக்கம். அது பிறகு அழியாது. மூத்தவன் என்பதால் அனுப்புவது நான். நேற்று றிப்தா வந்தாள்.

“வியாழக்கிழம இன்டர்வியூ ஒண்டு இரிக்கி அண்ணா. செஞ்ச வேலைக்கி ஆதாரம் கேக்குறாங்க. அந்த வரி போதும். உங்கட பேரையும் சேத்துப் போடுங்க, எவ்வளவு பாடுபட்டீங்க.”

அவள் இரங்கியதுதான் என்னைச் சுட்டது.

5

முடிவு ஒன்று: அவள் பெயரைப் போட்டு நல்லவனாகிறேன். (நீங்கள் கைதட்டலாம். நான் அப்படிப்பட்டவனா?)

முடிவு இரண்டு: என் பெயர் மட்டும். பதினொரு நாள் உழைத்தவனுக்கு—

முடிவு மூன்று: மறந்துபோனதாகச் சொல்லி வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். இதை எழுதும்போதுதான் கை வேகமாக ஓடியது.

இன்று புதன். எதிர்மேசையில் றிப்தா பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று பையை மூடுகிறாள். திருத்தத்தை அனுப்பும் மடல் என் முன்னால் திறந்தே கிடக்கிறது. யார் கண்டுபிடித்தார் என்று இதுவரை இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. இப்போது உங்களுக்கும் தெரியும். நீங்களே எழுதுங்கள், என் கை போகவில்லை.

கண்டுபிடித்தவர்: