பிசிறு

அம்மா போனில் சொன்னது ஒரே விஷயம்தான். "நீ இங்கன வராத ராசா. யாரு கூப்புட்டாலும் வந்துராத." அதற்குள் யாரோ பக்கத்தில் வந்திருக்க வேண்டும். "சரிக்கா, வெறக நாளைக்கி வந்து எடுத்துக்கிறேன்" என்று குரலை மாற்றிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ராமநாதபுரத்துக் கடைசல் கடையில் வேல்ராஜ் லேத்தை நிறுத்த மறந்து நின்றான். சக்கில் பிடித்திருந்த இரும்புத் தண்டு அதன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா பூமயில் யாருக்கும் லேசில் பயப்படுகிற பொம்பளை இல்லை. அவள் குரலில் அந்த நடுக்கத்தை அவன் இதுவரை கேட்டதில்லை.

என்ன நடந்தது என்பதை இமானுவேல் வந்து சொன்னான். இமானுவேலுக்குச் சொந்த ஊர் பாம்பன். ராமநாதபுரத்தில் பழைய கார்களுக்கு வேலை பார்க்கிற மெக்கானிக். கடை வாசலில் பைக்கை நிறுத்தியவன் இறங்கவில்லை.

"சேதுராமன் வண்டி நேத்து மத்தியானம் வழியில நின்னு போச்சு வேலு. இன்ஜின் ஜாமாயிருச்சு. அவரு மக ஜோதிகாவுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்கிக் கூட்டிப் போயிருக்காக. நடுக் காட்டுல நின்னுருச்சு. ஒரு பஸ்ஸு, காரு வரல. நூத்தியெட்டு வந்து சேர நேரமாயி, நின்ன காருக்குள்ளயே பிள்ளை பொறந்துருச்சு. பிள்ளை அழவே இல்லயாம். இப்ப பெரியாஸ்பத்திரில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காக."

வேல்ராஜ் கையிலிருந்த கழிவுத் துணியைக் கீழே போட்டான்.

"நாம மாட்டுன சாமானாலதான்னு சொல்றாய்ங்க. நீ வேணும்னே செஞ்சுட்டன்னு ஊருக்குள்ள பேச்சு. வண்டியக் களத்துல இழுத்துப் போட்டுருக்கு. ரெண்டு பேரும் வந்து எல்லாரு முன்னாடியும் பிரிச்சுக் காட்டணுமாம்."

வேணும்னே செய்தான் என்று சொல்ல அவர்களிடம் காரணம் இருந்தது. போன வருஷம் வேல்ராஜின் தெருப் பெண்கள் முளைப்பாரியைத் தூக்கிக்கொண்டு முதல்முறையாகக் கோயில் தெரு வழியாகப் போனார்கள். போலீஸ் பாதுகாப்போடுதான் போனார்கள். ராமநாதபுரத்திலிருந்து வந்து முன்னால் நடந்தவன் வேல்ராஜ். அந்தத் தெருக்காரரான சேதுராமன் அன்று தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகும் பூமயில் அவருடைய மிளகாய்க் காட்டுக்குத்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த ஊரில் வேறு யாரிடம் மிளகாய்க் காடு இருக்கிறது?

அப்படியிருந்தும் அந்த வண்டி அவனிடம் வந்தது வேறு வழியில்லாமல்தான். சேதுராமனின் அம்பாசிடரில் அதன் சொந்த இன்ஜின் எப்போதோ போய்விட்டது. பழைய வேன் ஒன்றின் டீசல் இன்ஜினைத் தூக்கி யாரோ அதில் பொருத்தியிருந்தார்கள். இன்ஜின் நன்றாக ஓடியது; ஆயில் பில்டர்தான் ஸ்டியரிங் பெட்டியில் முட்டியது. ஒவ்வொரு முறை பில்டரை மாற்றவும் ஸ்டியரிங்கைப் பாதி கழற்ற வேண்டும். கடையில் கேட்டால் இதற்கு ஏது சாமான்? இமானுவேல்தான் யோசனை சொன்னான். பில்டர் உட்காரும் இடத்தில் வட்டமாக ஓர் அடாப்டர் கடைந்து வைத்து, அதிலிருந்து இரண்டு ஹோஸ் இழுத்து, பில்டரை முன்னால் ரேடியேட்டர் பக்கம் கொண்டு போய்விடலாம். ஒரு ஹோஸ் வழியாக எண்ணெய் பில்டருக்குப் போகும், சுத்தமாகி மற்றொன்று வழியாக இன்ஜினுக்குத் திரும்பும். "இத லேத்துல கடையிறதுன்னா வேலுதான்" என்று அவன் சொன்னபோது சேதுராமன் வேறு லேத்துக்காரன் இல்லையா என்று இரண்டு தடவை கேட்டாராம்.

அவர் கடைக்குள் வரவில்லை. வெளியே வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, கேட்க வேண்டியதை எல்லாம் இமானுவேலிடம் கேட்டார். வேல்ராஜும் பதிலை இமானுவேலிடமே சொன்னான். அந்த வேலையை அவன் வஞ்சகமில்லாமல் செய்தான். சொல்லப்போனால், வேறு எந்த வேலையையும்விட வீம்பாகச் செய்தான். அலுமினிய உருளையை வாங்கிவந்து முகம் வழித்து, ரப்பர் வளையம் உட்கார வாய்க்கால் வெட்டி, திருகு மரை போட்டு, பக்கவாட்டில் இரண்டு துளைகளைக் குறுக்கே இறக்கினான். சேதுராமன் வாழ்நாளெல்லாம் பானட்டைத் திறக்கும்போது இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மெருகேற்றினான்.

இப்போது, அம்மா சொல்லியும் கேளாமல், திருவாடானை சாலையில் பைக்கில் ஊருக்குப் போகும்போது அந்த வேலையின் கடைசி நாள்தான் அவனைப் போட்டுப் பிறாண்டியது. இரண்டு துளைகள் உள்ளே சந்திக்கிற முனையில் எப்போதும் பிசிறு நிற்கும். மயிரிழை போல, சில சமயம் சுருளாக. அதை ஊசி அரத்தால் வழித்து, காற்றடித்து ஊதிவிட வேண்டும். போகிற வழியை ஊதினான். அது நன்றாக நினைவிருக்கிறது. திரும்பி வருகிற வழிக்குக் குழாயை வைத்தபோது கரண்ட் போனது. கம்ப்ரஸரில் மிச்சமிருந்த காற்று புஸ்ஸென்று அடங்கியது. மண்ணெண்ணெயில் அலசினான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். இமானுவேல் வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். பிறகு கரண்ட் வந்ததும் ஊதினேனா? ஊதியது போலவும் இருந்தது, ஊதாதது போலவும் இருந்தது. பில்டருக்கு முன்னால் பிசிறு கிடந்தால் பில்டர் பிடித்துக்கொள்ளும். திரும்பி வருகிற வழியில் கிடந்தால் பிடிக்க எதுவும் இல்லை. நேராக இன்ஜினின் குடலுக்குள் போய்விடும். முன்னால் போன இமானுவேலின் பைக் தூரத்தில் சிறுத்துக்கொண்டே போயிற்று. வேல்ராஜ் தன்னையறியாமல் வேகத்தைக் குறைத்திருந்தான்.

சேதுராமன் வீட்டுக் களம் முழுக்கக் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. நெடியில் கண் எரிந்தது. ஓரத்தில் வெள்ளை அம்பாசிடர் பானட் திறந்தபடி, முன்பக்கம் ஜாக்கியில் தூக்கப்பட்டு நின்றது. பத்திருபது ஆண்கள். சேதுராமன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் மழிக்காமல், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். மிளகாய்க்கு அந்தப் பக்கம், களத்துக்கு வெளியே, பூமயில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவனைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வந்துட்டாரு இன்ஜினியரு" என்றான் சேதுராமனின் தங்கை மகன். தாட்டியான ஆள். யாரும் சிரிக்கவில்லை.

"கழட்டுலே" என்றார் சேதுராமன்.

வேல்ராஜ் சட்டையைக் கழற்றிப் பைக்கில் போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்தான். அந்தக் களத்தை அவன் அம்மா ஆயிரம் தடவை கூட்டியிருக்கிறாள். அவன் முதுகு அதில் படுவது இதுதான் முதல் தடவை. சிமெண்டுச் சூடு தோலைப் பொசுக்கியது. பக்கவாட்டில் பார்த்தால் கால்கள் மட்டும் தெரிந்தன. செருப்புப் போட்ட கால்கள் வண்டியைச் சுற்றி நெருங்கி வந்தன. மிளகாய்ச் சிவப்புக்கு அப்பால் செருப்பில்லாத இரண்டு பாதங்கள்.

ஹோஸ்களைக் கழற்றியபோது எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. கருத்த எண்ணெயில் வெள்ளித் துகள்கள் மினுங்கின. பேரிங் தின்றுபோயிருக்கிறது. அடாப்டரைத் திருகி இறக்கி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டான். திரும்பி வருகிற வழிக்குள் சுண்டுவிரலை விட்டான். வழவழவென்று போன விரல், துளை திரும்பும் இடத்தில் சுருக்கென்று குத்துப்பட்டது.  மெதுவாக நகத்தால் நெம்பி இழுத்தான். வந்தது. அரை விரல் நீளத்தில் ஓர் அலுமினியச் சுருள், ஒரு முனை பிய்ந்து. பிய்ந்த மிச்சம் உள்ளே போய்விட்டது. ஊதவில்லை. அன்றைக்கு அவன் ஊதவே இல்லை.

இமானுவேல் குனிந்து தலையை உள்ளே நீட்டினான். சுருளைப் பார்த்தான். அவன் முகம் மாறி மறுபடி நிலைக்கு வந்தது. கிசுகிசுப்பாகச் சொன்னான்: "ஹோஸ் மடங்கிருச்சுன்னு சொல்லு. ஹோஸ மாட்டுனது நான்தான? வெளியூர்க்காரன்னு என்னைய வஞ்சு விட்டுருவாய்ங்க, அவ்வளவுதான். நீ சொன்னா கதையே வேற. ஒங்கம்மா இங்கனதான் குடியிருக்கணும்." சொல்லிவிட்டுத் தலையை எடுத்துக்கொண்டான்.

சுருளை வாயில் போட்டு விழுங்கிவிடலாம் போலிருந்தது வேல்ராஜுக்கு. பேண்ட் பைக்குள் போட்டால்கூட ஒருவருக்கும் தெரியாது. வெளியே யாரோ காறித் துப்பினார்கள். அவன் அம்மாவின் பாதங்களைப் பார்த்தான். பிறகு, பார்த்தேயிராத ஒரு குழந்தையின் பாதங்கள் நினைவுக்கு வந்தன. அவை எவ்வளவு சிறியவையாக இருக்கும் என்று யோசித்தவன் அதற்கு மேல் எதையும் யோசிக்க முடியாமல் வெளியே ஊர்ந்து வந்தான்.

"ஹோஸுதான்..." என்று இமானுவேல் ஆரம்பித்தான்.

வேல்ராஜ் உள்ளங்கையை விரித்தான். சுண்டுவிரலின் ரத்தம் எண்ணெயோடு கலந்திருந்தது. "இது உள்ள இருந்துச்சு. என் கடைப் பிசிறு. ஒழுங்கா ஊதாம விட்டுட்டேன். என் தப்புதான். ஆனா வேணும்னு செய்யல."

யாரும் எதிர்பார்க்காதது அது.  மறு கணம் தங்கை மகன் பாய்ந்து அவன் கழுத்தைப் பிடித்து வண்டியோடு சாத்தினான். பின்மண்டை தகரத்தில் மோதியது. பூமயில் "அய்யோ, விடுங்கய்யா" என்று கத்திக்கொண்டு மிளகாயை மிதித்து ஓடிவந்தாள். "வாயாலயே சொல்லிட்டான் மாமா! இன்னும் என்ன?" என்றான் தங்கை மகன். எல்லோரும் சேதுராமனைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றிருந்தார். கீழே விழுந்து கிடந்த சுருளைப் பார்த்தார், பானட்டைப் பார்த்தார். சொல்ல வேண்டிய சொல்லைத் தேடுகிறவர் போல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை.

"அவன விடு."

வீட்டு வாசலிலிருந்து வந்த குரல் சேதுராமனின் மனைவி கனகலட்சுமியுடையது. மகளுக்குக் கஞ்சி எடுத்துப் போகக் காலையில் வந்திருந்தாள். கையில் தூக்குவாளிக் கூடை. தூங்காத கண்கள் வீங்கியிருந்தன.

"அத்தை, நீங்க உள்ள போங்க. இவன..."

"விடுன்னேன்." அவள் படியிறங்கி வந்து வேல்ராஜுக்கு நேராக நின்றாள். "வேணும்னு செய்யலன்னு இங்கன சொன்னா ஆச்சா? வந்து அந்தப் பிள்ளையப் பாத்துச் சொல்லு. ஒன் பைக்க எடு."

"நான் கொண்டுபோயி விடுறேன் அத்தை" என்றான் தங்கை மகன் திகைத்துப்போய்.

"இவன்கூடத்தான் போறேன்." அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சேதுராமன் தாங்கவில்லை, தலை கவிழ்ந்தார். கூட்டத்துக்கு அது புரியவில்லை. வேல்ராஜுக்கும் புரியவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு அவன் பைக்கை உதைத்தான். மூன்றாவது உதையில்தான் எழும்பியது. பூமயில் பக்கத்தில் வந்து, "மெதுவாப் போ ராசா" என்று மட்டும் சொன்னாள். இமானுவேல் அவள் அருகில் போய் நின்றுகொண்டான். கனகலட்சுமி பின்னால் ஏறி, கூடையை நடுவில் வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கோயில் தெரு வழியாகத்தான் பாதை. திண்ணைகளிலும் கடை வாசலிலும் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். வேல்ராஜின் முதுகு விறைத்திருந்தது. எந்த நேரமும் பின்னாலிருந்து ஒரு கல் வரும் என்று அவன் காத்திருந்தான். வரவில்லை. ஊர் முடிந்து கண்மாய்க் கரை வந்த பிறகுதான் மூச்சை விட்டான்.

 கருவேலங்காடு இரண்டு பக்கமும் அடர்ந்து, வெயில் தார் ரோட்டில் அலையடித்துக்கொண்டிருந்த ஓரிடத்தில், "நிப்பாட்டு. வண்டி நின்னது இங்கனதான்" என்றாள் கனகலட்சுமி.

நிறுத்தினான். அவள் இறங்கிச் சாலையோரத்தில் போய் நின்றாள். அவன் இறங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் காலூன்றி உட்கார்ந்திருந்தான்.

"செவப்பு லைட்டு எரிஞ்சுச்சு" என்றாள், அவனைப் பார்க்காமல். "கண்மாய் தாண்டுனதுமே எரிஞ்சுச்சு. லைட்டு எரியுது, நிப்பாட்டுங்க, அங்கன நாலு வீடு இருக்கு, வேற வண்டி பாக்கலாம்னு நான் சொன்னேன். போயிரலாம்டி, போயிரலாம்டின்னு மிதிச்சாரு. இது அவருக்கும் எனக்குந்தான் தெரியும். ஜோதிகா வலில கெடந்தா."

எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரிகிற விளக்கு அது என்று வேல்ராஜுக்குத் தெரியும்.  உள்ளே எழுந்தது ஆறுதலா ஆத்திரமா என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதைக் களத்தில் சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தான். அவள் அதைக் கேட்டுவிட்டவள் போலத் திரும்பினாள்.

"ஊருக்கு முன்னாடி சொல்ல மாட்டேன். அதுக்காக ஒன் தப்பு இல்லன்னு ஆயிராது."

"ஆகாது" என்றான் அவன்.

"அந்தப் பிள்ளை பொழைக்கணும்" என்றாள். அவ்வளவு நேரமும் கெட்டியாக இருந்த குரல் அந்த இடத்தில் உடைந்தது. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சாலையோரத்துப் புதரையே பார்த்தபடி நின்றாள்.

அவனும் பார்த்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் அவசரத்தில் கழற்றி எறிந்த ரப்பர் கையுறை ஒன்று கருவேல முள்ளில் மாட்டிக் கிடந்தது. காற்று வீசியதும் அது உப்பி, ஐந்து விரல்களும் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. காற்று நின்றதும் தளர்ந்து தொங்கின. இருவரும் அடுத்த காற்று வருகிறவரை அசையாமல் நின்றார்கள்.