லீமா கூட்டாளி

"சொந்தக்காரங்க மட்டும் உள்ள வாங்க," என்று ரேணுகா அத்தை புடவைகளை மறைப்பாகக் கட்டிக்கொண்டே சொன்னாள். மறைப்புக்குள் பெஞ்சில் அம்சவல்லி கிடந்தாள். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இனிக் குளிப்பாட்ட வேண்டும்.

உப்பளத்திலிருந்து நேராக ஓடிவந்த லீமா மறைப்பின் ஓரத்தில் நின்றாள். கணுக்கால் வரை உப்பு வெளுத்திருந்தது.

"நீங்க என்னா முறைம்மா?" என்றாள் அத்தை.

"கூட்டாளிங்க."

"அதெல்லாம் ஒரு முறையா? சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க வேற. அப்பிடி ஓரமா நில்லுங்க."

அம்சவல்லியின் மகள் செந்தமிழுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அப்பாவின் தங்கையை எதிர்த்து அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை, அம்மா உட்பட.

அம்மாவின் போனில் லீமாவின் நம்பரைப் பதிந்து கொடுத்தது செந்தமிழ்தான். "ஃப்ரெண்டுன்னு போடட்டுமாம்மா?" என்று கேட்டிருந்தாள்.

"ஃப்ரெண்டு பேசறதுக்குடி. இவ கூடை தூக்கிவிடறவ. கூட்டாளின்னு போடு."

லீவில் ஒருமுறை அதை நேரில் பார்த்திருக்கிறாள். உப்பு நிறைந்த கூடையைத் தனியாளாகத் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது. லீமா எதிரே நின்று தூக்கிவிடுவாள். ஏற்றிய பிறகும் கையை எடுக்க மாட்டாள். கூடை தலையில் சரியாக உட்கார்ந்ததும் அம்மா, "விடு கூட்டாளி" என்பாள். அப்புறம்தான் கை இறங்கும். இருபத்திரண்டு வருஷமாக மாற்றி மாற்றி இப்படித்தான்.

குளிப்பாட்டி முடித்துப் பாடைக்குத் தூக்கும்போது ஈரப் புடவை வழுக்கியது. தோளைப் பிடித்திருந்த அத்தைக்குக் கை நழுவியது.

"ஐயோ, புடிங்கடி!"

"லீமாம்மா, நீங்க வாங்க!" செந்தமிழ் கத்தியே விட்டாள். "எங்கம்மாவுக்குக் கூட்டாளி அவங்க. அவங்க தூக்கட்டும்."

அத்தை மூச்சிரைக்க நகர்ந்து இடம் விட்டாள்.

லீமா உள்ளே வந்து அம்மாவின் தோள்களுக்கு அடியில் கை கொடுத்தாள். ஒரே தூக்கு. அம்மா அலுங்காமல் பாடையில் இறங்கினாள்.

லீமா கையை எடுக்கவில்லை. குனிந்தபடியே நின்றாள்.

"ஆச்சும்மா. கைய எடுங்க, நேரமாவுது," என்றாள் அத்தை.

லீமாவின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செந்தமிழ் பாடையின் அருகே குனிந்தாள். அம்மா இருந்தால் நிமிஷத்தில் சொல்லியிருப்பாள்.

"விடு கூட்டாளி," என்றாள் செந்தமிழ்.

லீமா மெல்லக் கைகளை உருவிக்கொண்டு, முந்தானையில் ஈரத்தைத் துடைத்தாள்.