அழியாத சிப்

சான்சோங் நகரில் வான்ஃபாவின் பட்டறையில் இரண்டு வகைப் பெட்டிகள் செய்தார்கள். ஒன்று, அமிதாப புத்தரின் நாமத்தை ஓயாமல் ஓதும் பெட்டி. கோயில்களுக்கும் சாவு வீடுகளுக்கும் போகும். இன்னொன்று, தெருவில் கூவிக்கொண்டு போகும் வண்டிகளுக்கான ஒலிபெருக்கி. உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை இரண்டுக்கும் ஒன்றேதான். கேட்கிறவர்கள் கும்பிடுவதா, ஜன்னலைச் சாத்துவதா என்பது சிப்பில் ஏற்றிய குரலைப் பொறுத்தது.

குரலை ஏற்றும் கணினி நிரலை எழுதியவள் யீ ஹுவே. முப்பது தாண்டியவள், நன்றாகப் படித்தவள், வாய் கொஞ்சம் நீளம். சிப்பில் இருக்கும் பழையதை அழித்துப் புதியதை எழுதும்போது அவளுடைய நிரல் சிப்பிடம் இரண்டு கேள்வி கேட்கும். வேலை முடிந்ததா? முடிந்தது என்றால், ஒழுங்காக நடந்ததா? இரண்டாவதற்குச் சிப் கையை விரித்தால் சிவப்பு விளக்கு எரியும், வேலை அப்படியே நின்றுவிடும்.

அந்த வருஷம் சிப்புக்குப் பெரிய தட்டுப்பாடு. பழைய சாமான் எடுக்கும் கம்பெனி ஒன்று ஆர்டரை ரத்து செய்து திருப்பி அனுப்பிய ஒலிபெருக்கிகள் பட்டறை மூலையில் குவிந்து கிடந்தன. அவற்றிலிருந்து சிப்பைப் பெயர்த்து நாமப் பெட்டியில் போடும்படி வான்ஃபா உத்தரவு போட்டார். போட்ட கையோடு சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் எரிந்தது.

"வேலை முடிஞ்சுதுன்னு சிப்பே சொல்லுது. அப்புறம் எதுக்கு நோண்டி நோண்டிக் கேக்கறே? நீ என்ன அதுக்கு மாமியாரா?" என்றார் வான்ஃபா.

"முடிஞ்சுதுன்னுதான் சொல்லுது முதலாளி, செஞ்சேன்னு சொல்லலையே. எங்க அண்ணனும் ஒவ்வொரு பரீட்சையையும் முடிச்சுட்டுத்தான் வந்தான்."

ஏன் இப்படி ஆகிறது என்று பார்க்க ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்டாள். அவர் ஒரு மணி நேரம்கூடத் தரவில்லை. நாற்காலிக்குப் பின்னாலேயே நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். டப்பாவில் அவளுடைய பன்றிக்கறிச் சோறு ஆறிப்போய்க் கொழுப்பு உறைந்துவிட்டது. அந்தக் கோபத்தில் இரண்டாவது கேள்வியை நிரலிலிருந்து தூக்கி எறிந்துவிட்டு, உங்கள் பாடு என்று சொல்லிச் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எரிந்ததெல்லாம் பச்சை விளக்குதான். வேகமோ வேகம். முன்பெல்லாம் டீ குடித்துவிட்டு வரும் நேரம் பிடித்த வேலை இப்போது கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது. பழைய சிப்புக்குத்தான் சுறுசுறுப்பு அதிகம் என்று வான்ஃபா கடைத்தெரு முழுக்கப் பெருமையடித்தார். இவ்வளவு வேகம் எப்படி என்று யீ ஹுவேக்கு உள்ளூர உறுத்தியது. ஆனாலும் முறுக்கிக்கொண்ட பிறகு தானாகப் போய்ப் பார்ப்பது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. கடைசிச் சோதனையில் பெட்டியிலிருந்து சத்தம் வருகிறதா என்பதை மட்டும் ஒரு கருவி கம்பி வழியே அளந்து பார்க்கும், என்ன சத்தம் என்று யாரும் காதால் கேட்பதில்லை. சத்தம் வந்தது. பெட்டிகள் கோயில்களுக்குப் போயின.

அந்தச் சமயத்தில் வான்ஃபாவின் மாமனார் லியாவ் கிழவர் போய்ச் சேர்ந்தார். தெருவை அடைத்து நீலப் பந்தல் போட்டார்கள். மாப்பிள்ளையின் பங்காகப் புதுப்பெட்டிகள் வந்து இறங்கின. ஒன்றைச் சவப்பெட்டிக்கு முன்னால் வைத்துப் பெரிய ஒலிபெருக்கியோடு இணைத்தார்கள். பட்டறை ஆட்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓதி முடித்த பிக்கு டீ குடிக்க நகர்ந்ததும் எல்லோரும் தலை குனிந்தார்கள். வான்ஃபா தம் கையாலேயே பொத்தானை அழுத்தினார்.

"பழைய ஃபிரிட்ஜ், ஓடாத வாஷிங் மெஷின், கெட்டுப்போன ஃபேன், எதுவானாலும் எடுத்துக்கறோம்," என்றது ஒரு பெண்குரல், தெரு முனைவரை கேட்கும்படி. "உங்களால தூக்க முடியலேன்னா வீட்டுக்கே வந்து தூக்கிட்டுப் போறோம்."

வான்ஃபா பாய்ந்து அணைத்துவிட்டு அடுத்த பெட்டியை மாட்டினார். அதே பெண். மூன்றாவதிலும் அவளேதான். துக்கத்துக்கான சாக்குத்துணி முக்காடு போட்டு மண்டியிட்டிருந்த மகள்களின் தோள்கள் குலுங்கின. அழுகையா சிரிப்பா என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை.

யீ ஹுவேக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. வண்டி ஓட்டுகிறவர்கள் சினிமாப் பாட்டை ஏற்றிவிடக் கூடாது என்று அந்தப் பழைய சாமான் கம்பெனிக்காரர்கள் சிப்புகளை மாற்ற முடியாதபடி அப்போதே பூட்டி வைத்திருக்கிறார்கள். பூட்டிய சிப்பை அழி என்றாலும் எழுது என்றாலும் அது எதையும் தொடாது. முடிந்தது என்று உடனே கையைத் தட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். எதுவும் நடக்கவில்லை என்ற உண்மையை இரண்டாவது கேள்விக்குத்தான் சொல்லும். சிரிப்பு வெளியே வந்துவிடாமலிருக்க அவள் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டாள்.

வான்ஃபா நான்காவது பெட்டியையும் போட்டுப் பார்த்துவிட்டு அணைக்கப் போனபோது மாமியார் கையை உயர்த்தினாள்.

"நிறுத்தாதீங்க மாப்பிள்ளே. ஃபோன் நம்பர் சொல்றா, சொல்லட்டும்."

"அத்தே, இது சாவு வீடு."

"எனக்குத் தெரியாதா? அம்பது வருஷமா இந்த மனுஷன் பொறுக்கிட்டு வந்த உடைஞ்ச ஃபேனுக்கு நடுவிலதான் படுத்துத் தூங்கறேன். யாராவது எழுதிக்குங்கப்பா."

ஒரு பேரன் எழுதிக்கொண்டான். அதற்கப்புறம் பந்தலில் யாரும் சிரிப்பை அடக்கச் சிரமப்படவில்லை. இதனால் தோஷம் உண்டா என்று மூத்த மகள் கேட்டதற்கு, போகிறவருக்கு ஃபேன் தேவைப்படாது என்று சொல்லிவிட்டுப் பிக்கு இன்னொரு கோப்பை டீ ஊற்றிக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் வான்ஃபா காரில் கத்திக்கொண்டு வந்தார். இரண்டாவது கேள்வி எதற்கு என்று நீங்கள் கேட்டிருக்கக் கூடாது, நான் அதை எடுத்திருக்கக் கூடாது என்று யீ ஹுவே ஒரே ஒரு தடவை சொன்னாள். மறுநாள் பெட்டிகளை எல்லாம் திரும்ப வரவழைத்தார்கள். முதலில் பூட்டைத் திறக்கச் சொல்லும் கட்டளையை எழுதினாள். இரண்டாவது கேள்வியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். வான்ஃபா பக்கத்தில் நின்று பார்த்தார்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"இப்பதான் அழிக்குது."

சில சிப்புகள் பூட்டைத் திறந்த பிறகும் தேறவில்லை. அவற்றை வான்ஃபாவே பொறுக்கிக் குப்பையில் போட்டார். பான்சியாவ் பகுதியில் ஒரு கோயிலில் மட்டும் பெட்டி அதிகாலை பூஜையில் ஓடிவிட்டதாகத் தகவல் வந்தது. அவர்களிடம் யார் பேசுவது என்று வான்ஃபா கேட்டார். யீ ஹுவே தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அவருக்கு இவ்வளவு பணிவாகவும் பேச வரும் என்று பட்டறையில் யாருக்கும் அதுவரை தெரியாது.