தக்காளிக்காரர் கூப்பிடவில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. அடையாறில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், ஒரு சனிக்கிழமை காலை, தானாக வந்து என் மேல் விழுந்தது.

அந்த மாடியில் ஸ்பானிஷ் சொல்லித் தருகிறார்கள். ஆரம்பப் பாடம்தான். ஓட்டலில் சாப்பிடுவது, கடையில் சாமான் வாங்குவது, வழி கேட்பது. நான் சேர்ந்தது வேறொரு நாவலுக்காக. அதில் ஓர் இளைஞன் ஸ்பெயினுக்குப் போய் மழையில் நனைந்துகொண்டே யாரையோ நினைத்து (அந்த நாவலைக் கைவிட்டுவிட்டேன். பாவம், அவன் இன்னும் நனைந்துகொண்டிருக்கிறான்.)

கடைப் பாடம் வந்த அன்று எனக்குத் தக்காளிக்காரர் வேஷம். வாங்க வந்தவர் டோரதி. சாந்தோமில் ஒரு பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பில் மற்றவர்களெல்லாம் லேப்டாப் பை மாட்டிய பிள்ளைகள், அவர்களுக்கு இவர் ஆன்ட்டி.

“குவாந்தோ குவெஸ்தா?” என்று கேட்டார் டோரதி. என்ன விலை என்று அர்த்தம். [மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முடிவதற்குள் உங்களுக்கும் நாலு வார்த்தை வந்துவிடும். எனக்குக் கட்டணம் வேண்டாம்.]

புத்தகத்தில் போட்டிருந்த விலையைப் படித்தேன். அவர் பாதி விரல்களை மடக்கிக் காட்டினார். நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன், அதில் பேரமே இல்லை. “நோ” என்றேன். அவர் “கிராசியாஸ்” என்று நன்றி சொல்லிவிட்டு, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போய்விட்டார்.

பாடம் முடிந்தது என்று நான் பக்கத்தைத் திருப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. மாடிப்படிக்குப் பக்கத்தில் அதுவரை காத்து நின்றிருக்கிறார்.

“என்ன தம்பி, கூப்பிடவே மாட்டீங்களா?”

வகுப்பே சிரித்தது. பாடம் நடத்துகிற கீர்த்தி, அங்கேயெல்லாம் சொன்ன விலைதான் ஆன்ட்டி, போனால் போனதுதான், யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று விளக்கினாள். டோரதியின் முகம் வாடிவிட்டது. யாருமேவா, என்று இன்னொரு தடவை கேட்டார். கீர்த்திக்கே மனசு கேட்கவில்லை. புத்தகத்தில் இல்லாத ஒன்றைப் பலகையில் எழுதினாள்: எஸ்பேரே, சென்யோரா. பொறுங்கள் அம்மா. எங்கள் எல்லோரையும் சேர்ந்து சொல்லச் சொன்னாள், சொன்னோம். கீழே பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

2

இனி, எப்படித் தொடங்குவது?

முதல் முயற்சி: ‘வலென்சியா நகரத்தின் கூரைகள் மேல் ஆரஞ்சு நிறச் சூரியன்’ — வேண்டாம். நான் வலென்சியாவைப் பார்த்ததே இல்லை.

இரண்டாவது: ‘அன்புக்கு மொழி ஏது?’ சீச்சீ. மொழி தேவை இல்லையென்றால் பேக்கரி மாடியில் ஃபீஸ் கட்டி எதற்கு உட்கார்ந்திருக்கிறோம்?

மூன்றாவது: ‘டிக்கெட் ஒன்றா இரண்டா என்று டோரதி திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.’ இது பரவாயில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

டிக்கெட் ஒன்றா இரண்டா என்று டோரதி திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். மகள் ஜொவிட்டா வலென்சியாவில் இருக்கிறாள். அந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கொண்டு, இப்போது முதல் பிள்ளைக்காகக் காத்திருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வாருங்கள் என்று இரண்டு பேருக்கும் அழைப்பு அனுப்பி, விடாமல் போன் பண்ணி, விசாவும் வாங்க வைத்துவிட்டாள். அதுவரை மூச்சுக் காட்டாமல் கையெழுத்துப் போட்ட கணவர் ஆரோக்கியநாதன், டிக்கெட் என்றதும் பின்வாங்கிவிட்டார். நீ போயிட்டு வா டீச்சர் என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு மனைவி டீச்சர்தான்.

காரணம் கேட்டால் முழங்கால் என்றார். பிறகு, தண்ணீர் லாரி வந்தால் யார் பிடிப்பார்கள் என்றார். இரண்டு பேரும் ஊரில் இல்லாதபோது தண்ணீர் எதற்கு என்று டோரதி கேட்டதும், மறுபடியும் முழங்காலுக்கே திரும்பினார்.

3

ஆரோக்கியநாதனைப் பற்றி.

தி.நகரில் ஒரு சூட்கேஸ் கடையில் வேலை பார்த்தவர். பாதிச் சென்னைக்கு ஃபாரின் போகப் பெட்டி எடுத்துக் கொடுத்தவர் என்று டோரதி சொன்னார். கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரிகிறது, ஆனால் பெருமையாகச் சொன்னார், அதனால் குறைக்கவில்லை. அவர் போன அதிகபட்சத் தூரம் வேளாங்கண்ணி.

கடையில் அவருக்கு இடம் வாசல். விலை படியாமல் போகிற பெண்களின் முதுகைப் பார்ப்பது அவர் வேலை. வேண்டாம் என்று போகிறவள் திரும்பிப் பார்க்காமல் வேகமாகப் போய்விடுவாள். வேண்டும் என்று போகிறவள் மெதுவாக நடப்பாள், அடுத்த கடையில் நின்று எதையாவது தொடுவாள், தொடுகிற பொருளைப் பார்க்க மாட்டாள். அப்போது கூப்பிட வேண்டும். அதற்கு முன்னால் கூப்பிட்டால் கெத்து போய்விடும், பின்னால் கூப்பிட்டால் ஆளே போய்விடும். இது அவர் சொல்லி டோரதி கேட்டு டோரதி சொல்லி நான் எழுதுவது. இதில் முக்கியமான விதி ஒன்றை மட்டும் அவர் வாயாலேயே சொல்ல விடுகிறேன்:

“கூப்ட்டா எறங்கி வரணும் டீச்சர். எறங்க மனசில்லன்னா கூப்டவே கூடாது. கூப்ட்டு நிக்க வெச்சி அதே வெலைய சொன்னா, அது அவங்கள அவமானப்படுத்தறது.”

4

(இந்த இடத்தில் அவர்களுடைய கல்யாணக் கதை இருந்தது. எனக்கு நன்றாக வந்திருப்பதாகவே பட்டது. டோரதி படித்துவிட்டு, இது எதுக்கு தம்பி என்றார். எடுத்துவிட்டேன்.)

5

வகுப்பில் படித்ததை வீட்டில் சொல்லிப் பார்க்க டோரதிக்கு ஓர் ஆள் வேண்டும். ஆரோக்கியநாதன் சும்மா உதவிக்கு உட்கார்ந்தார். ‘சும்மா உதவிக்கு’ என்பதை அவர் பலதடவை சொல்லிக்கொண்டார். கடைக்காரராக, சர்வராக, பஸ் டிரைவராக உட்கார்ந்தார். டோரதி ஒரு வாரம் போராடியதை அவர் ஒரு சாயங்காலத்தில் பிடித்தார். பிடித்ததோடு நிற்காமல், புத்தகத்துத் தக்காளியைத் தி.நகர் பாணியில் விற்றார். வாங்கம்மா வாங்க என்கிற ராகத்தில் ஸ்பானிஷ் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. டோரதி செய்து காட்டினார், வகுப்பில் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம்.

எஸ்பேரே, சென்யோராவையும் டோரதி அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். அன்று அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. கடை வாசலில் நின்று தெருக் கூட்டத்துக்கு மேலே ஏறிப் போகிற குரல். விளையாட்டுதான் என்று தெரிந்தும் டோரதி தோசைக்கரண்டியோடு திரும்பிவிட்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை. அதற்குள் தோசை கருகிவிட்டது.

ஓட்டல் பாடத்தை மட்டும் ஓட்டலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று மயிலாப்பூரில் டிபன் சாப்பிடப் போனார்கள். ஊனா மேசா* பாரா தோஸ். இரண்டு பேருக்கு ஒரு மேசை. இதை யாரிடம் சொல்வது என்று ஆரோக்கியநாதன் கேட்டார். நியாயம்தானே? இங்கே மேசையைக் கேட்டா வாங்குகிறோம்? காபி முடிக்கப் போகிறவராகப் பார்த்து அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அவர் கடைசி வாயைக் குடிக்கும்வரை கண்ணை எடுக்காமல் நிற்கிறோம். அப்படியே நின்று இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். இட்லி வந்தது. சர்வர் அந்தப் பக்கம் போனதும் ஆரோக்கியநாதன் தானே சர்வராகி, துண்டைக் கையில் போட்டுக்கொள்வதுபோல் பாவனை செய்து, சென்யோராவுக்கு என்ன வேண்டும் என்று ஸ்பானிஷில் கேட்டார். ஒரு பிழை இல்லை.

இவ்வளவு பேசறீங்களே, அங்க வந்தா என்ன, என்று டோரதி கேட்டார். அவர் இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்தார். பிறகு சொன்னார்.

“முப்பது வருஷம் வாய வெச்சிதான் பொழச்சேன் டீச்சர். அங்க மாப்ள இன்னாவோ கேப்பாரு, நான் சிரிச்சிக்கினே உக்காந்துனு இருக்கணும். ஒண்ணு, பொறக்கப்போற புள்ள. இன்னொண்ணு, நானு. ரெண்டுக்கும் பேச்சு வராது.”

அவர் அதைத் தமாஷாகத்தான் சொன்னார். டோரதிக்கு அப்போதுதான் புரிந்தது. மனுஷனுக்கு முழங்காலும் இல்லை, தண்ணீர் லாரியும் இல்லை, பயம். பேச்சில் ராஜாவாக இருந்தவருக்கு, பேசத் தெரியாதவராக மகள் வீட்டில் உட்காரப் பயம்.

அதற்கு டோரதி சொன்னார்: “அப்ப ரெண்டு பேரும் சேந்து கத்துக்கோங்க.”

(தவறு. மேலே இருப்பதை அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் ஆசைப்பட்டு எழுதினேன். இதைப் படித்த டோரதி, அப்ப நான் ஒண்ணும் சொல்லல தம்பி, திரும்பி வரப்போ பஸ்ல தோணுச்சு, அப்பறம் சொல்ல ஒருமாதிரி இருந்துச்சு என்றார். ஆகவே டோரதி செய்தது இவ்வளவுதான்: தன் வடையில் பாதியைப் பிட்டு அவர் தட்டில் வைத்தார்.)

* மேசா என்றால் மேசை. போர்த்துகீசியர்கள் கொண்டுவந்து நம்மிடம் விட்டுப் போனது. ஸ்பானிஷ்காரருக்குப் பக்கத்து வீட்டு மேசை. இதைக் கேட்டதிலிருந்து, அந்தப் போர்த்துகீசியர்கள் குடியிருந்த சாந்தோமைச் சேர்ந்த டோரதிக்குப் பெருமை தாங்கவில்லை, ஏதோ அவர்கள் தெருவிலேயே செய்து கொடுத்ததுபோல.

6

ஒரு சந்தேகம். இந்த ஆரோக்கியநாதனை நான் பார்த்ததே இல்லை. அவர் மனைவி சொல்லக் கேட்டு எழுதுகிறேன். இவ்வளவு நல்லவராக ஒருவர் இருப்பாரா, அல்லது எனக்குப் பிடித்துப்போய் நான்தான் பூசி மெழுகுகிறேனா? டோரதியிடமே கேட்டேன்.

“அவ்ளோ நல்லவரு எல்லாம் இல்ல தம்பி. கோவம் வந்தா சாப்பிடாம படுத்துப்பாரு. அதையும் போடுங்க.”

போட்டாயிற்று.

7

இன்று சனிக்கிழமை. காலையில் வகுப்பு முடிந்து படி இறங்கும்போது, சாயங்காலம் தி.நகரில் பெட்டி வாங்கப் போகிறோம் என்று டோரதி சொன்னார். எத்தனை பெட்டி என்று கேட்டேன்.

“நான் ரெண்டுன்னு கேப்பேன். அவரு ஒண்ணும்பாரு. கிராசியாஸ் சொல்லிட்டு நடந்துடுவேன்.”

கூப்பிடாவிட்டால், என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். டோரதி கைப்பிடியைப் பிடித்தபடி இன்னொரு படி இறங்கினார்.

“கூப்பிடத் தெரிஞ்ச மனுஷன்தான்,” என்றார்.

இதை எழுதும்போது வெளியே வெயில் இறங்கிவிட்டது. அவர்கள் இப்போது தி.நகர் பாண்டி பஜாரில் இருப்பார்கள். ஆகவே இனி வருவது நான் பார்க்காதது, கேட்காதது, கோட்டூர்புரத்தில் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது.

அகலமான நடைபாதையில் ஒரு பெஞ்சு. முழங்காலுக்காக ஆரோக்கியநாதன் உட்கார்ந்திருக்கிறார் (முழங்கால் வலியும் நிஜம்தான்). எதிரே பெட்டிக் குவியல். டோரதி நின்றபடி, தோஸ், என்கிறார். இரண்டு. அவர் தலையை ஆட்டி, ஊனா, என்கிறார். ஒன்று. டோரதி இன்னொரு தடவை தோஸ் என்கிறார். இந்தத் தடவை குரல் பாடம் சொல்கிற மாதிரி இல்லை. அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, நோ டீச்சர், என்கிறார்.

“கிராசியாஸ்,” என்கிறார் டோரதி. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடக்கிறார்.

மெதுவாக.

8

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன.

ஒன்று: வலென்சியாவில் எடுத்த போட்டோ. தாத்தா மடியில் பேரன், இரண்டு பேரும் வாயைத் திறந்து சிரிக்கிறார்கள், யாருக்கும் பேச்சு தேவைப்படவில்லை. இனிப்பு ஜாஸ்தி. ஆனால் இதை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

இரண்டு: டோரதி தனியாகப் போகிறார். மாலையில் ஆரோக்கியநாதன் யாருமில்லாத கூடத்தில் உட்கார்ந்து, ஃபிரிட்ஜுக்கு எதிரே, ஊனா மேசா பாரா — முடியவில்லை, இதற்கு மேல் என் கை போகாது.

மூன்று: டோரதியே திரும்பி வந்துவிடுகிறார். சரி விடுங்க, ஒண்ணே போதும் என்கிறார். நிறைய வீடுகளில் இதுதான் நடக்கிறது. தானாகத் திரும்பி வருகிறவளுக்கு முதல் விலைதான் என்று கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டேன். டோரதி இப்போது அடுத்த கடையில் நிற்கிறார். தொங்குகிற கைப்பைகளில் ஒன்றைத் தொடுகிறார். அதைப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் இந்தப் பக்கம் இருக்கிறது. அந்த முதுகைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் பெஞ்சில் இருக்கிறார், எழுந்து நின்றுவிட்டார், கூப்பிட்டால் இறங்கி வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

டீச்சர் என்று கூப்பிட்டால் இந்தக் கூட்டத்தில் பத்து டீச்சர்கள் திரும்புவார்கள். அம்மா என்றால் பாண்டி பஜாரே திரும்பும். வேறொரு வார்த்தை இருக்கிறது. அதை இத்தனை பேருக்கு நடுவே, இத்தனை கடைக்காரர்கள் பார்க்க, தப்பாக வந்தாலும் பரவாயில்லை என்று சத்தமாகச் சொல்லியாக வேண்டும். அவருக்கு வாய் திறந்துவிட்டது, குரல் இன்னும் வரவில்லை.

நான் ஒருதடவை கூப்பிடாமல் பக்கத்தைத் திருப்பியவன். இந்தத் தடவை திருப்புவதற்கு அடுத்த பக்கம் இல்லை. அந்த வார்த்தை உங்களுக்கும் தெரியும், முதல் பகுதியில் கீர்த்தி பலகையில் எழுதிச் சொல்லிக் கொடுத்ததுதான். அவரோடு சேர்ந்து நீங்களும் சொல்லுங்கள். மெல்லச் சொன்னால் காதில் விழாது, தி.நகரில் சனிக்கிழமைச் சாயங்காலம். யார் யாரோ திரும்புவார்களே என்று கூச்சப்பட வேண்டாம். அந்தத் தெரு முழுக்க, அதைக் கேட்டுத் திரும்ப ஒரே ஒருவர்தான் இருக்கிறார்.